நிரந்தரக் கட்டுப்பாட்டுக் குழு

தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகள் ஏற்றுக்கொண்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா களஞ்சியத்தில் தேடிப் படிப்பவர், ஒரே தலைப்பின் பல வடிவங்களை எதிர்கொள்வார். கல்லூரி மாணவரின் தேர்ந்தெடுத்த உடற்தகுதி மாறிகள்மீது பிளையோமெட்ரிக் பயிற்சியின் விளைவு, மெடிசின் பந்துப் பயிற்சியின் விளைவு, இரண்டும் எடைப் பயிற்சியும் கலந்த கூட்டுப் பயிற்சியின் விளைவு எனப் பட்டியல் நீளும். மாறிகளின் வரிசையில் ‘எக்ஸ்ப்ளோசிவ் ஸ்ட்ரென்த்’ என்னும் வெடிதிறன் அடிக்கடி இடம்பெறும்.

ஆய்வு முறையும் ஏறத்தாழ ஒன்றே. சில பத்து மாணவர்களைத் தெரிந்தெடுத்துச் சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு எனப் பிரிப்பர். சோதனைக் குழுவுக்கு எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ, வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி தரப்படும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒன்றும் தரப்படாது. பிறகு அன்கோவா, ஷெஃபே சோதனை, 0.05 முக்கியத்துவ நிலை. பயிற்சி பெற்ற குழு முன்னேறியது, பெறாத குழு நின்ற இடத்திலேயே நின்றது என்பது முடிவு. கடைசி இயலில் பரிந்துரை வரும்: உடற்கல்வி ஆசிரியர்கள் இப்பயிற்சியைத் தம் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பரிந்துரை நூலகத்தின் படியிறங்கி வகுப்பை அடைவதில்லை. இளைஞரின் மேலுடல் வெடிதிறன் குறுகிய காலத்தில் பயிற்சியால் வளரும் என்பதைத் திரும்பத் திரும்ப நிறுவிய ஒரு கல்விப்புலம், தன் பொறுப்பிலுள்ள பொது வகுப்பில் அந்தப் பயிற்சியைத் தர முனையவில்லை. ஆய்வேட்டில் கட்டுப்பாட்டுக் குழு பன்னிரண்டு வாரம் மட்டுமே சும்மா இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் சமுதாயமோ மூன்றாண்டு, நான்காண்டு முழுவதும் சும்மா வைக்கப்படுகிறது. அது நிரந்தரக் கட்டுப்பாட்டுக் குழு.

இங்கே ‘வெடிதிறன்’ எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். குழப்பத்தின் பெரும்பங்கு சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழ் இயற்பியல் பாடநூல்கள் விசை, ஆற்றல், திறன் ஆகிய மூன்றையும் பிரித்தே வைத்துள்ளன. கன்னடப் பாடநூல்கள் அவற்றை முறையே பல, சக்தி, சாமர்த்திய என்கின்றன. உடற்கல்விக் குறிப்பேடுகளில் இந்த எல்லைகள் கரைந்துவிடுகின்றன. வலிமை, சக்தி, ஆற்றல், பலம் எல்லாம் ஒரே பொருளில் உலவுகின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே பெஞ்சில் அமரும் வகுப்பில், ஒரு மாணவருக்கு ‘சக்தி’ என்பது இயற்பியல் பாடத்தின் ஆற்றல். இன்னொருவருக்கு அது திறன். மூன்றாமவருக்குப் பொதுவான உடல் வலு. சொல் கலங்கிய இடத்தில் பயிற்சியும் கலங்குகிறது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் சுமார் 40 கிலோவை, அதாவது 400 நியூட்டனை, 0.4 மீட்டர் உயர்த்துகிறார் என்று கொள்வோம். செய்த வேலை 160 ஜூல். இரண்டு விநாடியில் எழுந்தால் திறன் 80 வாட். அரை விநாடியில் எழுந்தால் 320 வாட். அதே உடல், அதே உயரம், அதே வேலை. திறன் மட்டும் நான்கு மடங்கு. வெடிதிறன் என்பது இந்த வேறுபாடுதான். எவ்வளவு எடையை உயர்த்த முடியும், எத்தனை முறை உயர்த்த முடியும் என்பவை வேறு கேள்விகள். முதலாவது உச்ச வலிமை, இரண்டாவது தசைத் தாங்குதிறன்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஒரு தசை தன் உச்ச விசையை எட்ட 0.3 விநாடியோ அதற்கு மேலுமோ ஆகலாம். எறிதல், குத்துதல், தடுக்கி விழும்போது கையை ஊன்றிக்கொள்ளுதல் ஆகியவற்றில் அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே உச்ச விசை எவ்வளவு என்பதைவிட, முதல் சில நூறு மில்லிவிநாடிகளில் எவ்வளவு விசை திரள்கிறது என்பதே பயன்தருகிறது. தசை சுருங்கும் வேகம் கூடக் கூட அது தரவல்ல விசை குறையும் என்பதை ஏ. வி. ஹில் 1938இல் சமன்பாடாக்கினார். நீட்டப்பட்ட தசை உடனே சுருங்கும்போது கூடுதல் விசை பிறப்பதைச் சோவியத் ஆய்வாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி ‘அதிர்ச்சி முறை’ என்ற பயிற்சியாக வகுத்தார். அவ்வகைப் பயிற்சிகளுக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரை அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபிரெட் வில்ட் 1975இல் பரவலாக்கினார். இவை யாவும் தேர்வில் குறுவினாக்களாகக் கேட்கப்படுகின்றன. விடையெழுதும் மாணவர் தம் தோளால் அதை ஒருமுறையும் உணராமலே மதிப்பெண் பெறுகிறார்.

சந்தாபுராவை எடுத்துக்கொள்வோம். பெங்களூரின் ஒசூர்ச் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே, ஆனேக்கலுக்குச் சாலை பிரியும் சந்திப்பில் வளர்ந்த ஊர் அது. ஒருபுறம் பொம்மசந்திராவின் ஆலைகள், மறுபுறம் ஆனேக்கல் சாலையோரக் கல்வி நிலையங்கள். ஒசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வரும் தமிழ் மாணவர்க்கும் பழகிய பகுதி. நிலத்தின் விலை ஏறிய இத்தகைய புறநகர்களில், உடற்கல்வி வகுப்பு ஏன் நடைபெறவில்லை என்று கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே: மைதானம் இல்லை.

மைதானம் இல்லாதது உண்மையான குறை. கால்பந்தும் கிரிக்கெட்டும் 400 மீட்டர் ஓட்டமும் அங்கே இயலா. ஆனால் மேலுடல் வெடிதிறனை வளர்க்க மைதானம் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது உறுதியான ஒரு சுவர், வழுக்காத தரை, சில மெடிசின் பந்துகள். பந்து வாங்க வழியில்லையெனில் பழைய கூடைப்பந்தில் மணல் நிரப்பித் தைத்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மைதானமற்ற கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான உடற்கல்விப் பாடம் வேறில்லை. அந்தப் பாடத்தையே தொடாமல் மைதானத்தைக் காரணம் காட்டுவது, நீச்சல்குளம் இல்லாததால் நடக்கக் கற்றுத்தரவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பாடத்திட்டம் தடுக்கிறதா? கர்நாடகத்தின் பொறியியல் கல்லூரிகளை இணைத்துள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தன் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் நாட்டு நலப்பணித் திட்டம், உடற்கல்வி, யோகா ஆகியவற்றுள் ஒன்றை மூன்றாம் பருவம் முதல் மாணவர் கட்டாயம் மேற்கொள்ள வேண்டும் என விதித்தது. கிரெடிட் இல்லை, ஆயினும் நிறைவு செய்யாமல் பட்டம் இல்லை. நல்ல விதி. ஆனால் பொது உடற்தகுதிப் பகுதியைப் பாருங்கள்: வலிமைக்குத் தண்டாலும் கம்பியில் உடலை மேலிழுத்தலும், வேகத்துக்கு 30 மீட்டர் ஓட்டம், சுறுசுறுப்புக்கு ஷட்டில் ஓட்டம், நெகிழ்வுக்கு அமர்ந்து எட்டுதல், இதயத் தாங்குதிறனுக்கு ஹார்வர்டு படிச் சோதனை. வேகத்துக்குக் கால்கள் உண்டு, கைகள் இல்லை. மேலுடலுக்கு வாய்த்தது எண்ணிக்கை மட்டுமே. எண்ணிக்கையைக் கூட்டக் கூட அளவிடப்படுவது தாங்குதிறனே. முப்பது தண்டால் எடுத்தவர் பத்து எடுத்தவரைவிடத் திறன் மிக்கவர் என்பதற்கு அந்தச் சோதனையில் சான்றேதும் இல்லை.

இந்தப் பார்வைக்குறைவுக்கு ஒரு பரம்பரை உண்டு. இந்திய உடற்கல்விப் பாடநூல்கள் இன்றும் கற்பிக்கும் அமெரிக்க ஆஃபர் இளைஞர் உடற்தகுதிச் சோதனை 1958இல் வெளிவந்தபோது அதில் காலின் வெடிதிறனுக்கு நின்று நீளம் தாண்டுதலும், கையின் வெடிதிறனுக்குச் சாஃப்ட்பால் எறிதலும் இருந்தன. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சாஃப்ட்பால் எறிதல் நீக்கப்பட்டது. அது உடற்தகுதியைவிட எறியும் தேர்ச்சியையே அளக்கிறது என்பது காரணம். காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஈடாக அமர்ந்து மெடிசின் பந்து எறிதல் போன்ற ஒன்று வைக்கப்படவில்லை. கால் தாண்டியது, கை தொங்கியது.

‘தொங்கியது’ என்பது இங்கே உவமையன்று. அதே சோதனையில் ஆண்கள் கம்பியில் உடலை மேலிழுக்க, பெண்களுக்கு 1965 முதல் வைக்கப்பட்டது கையை மடக்கியபடி கம்பியில் தொங்கும் சோதனை. அசையாமல் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதே அளவு. இடப்பெயர்ச்சி இல்லாத இடத்தில் வேலை இல்லை; வேலை இல்லாத இடத்தில் திறன் சுழி. பெண்ணின் மேலுடலிலிருந்து எதிர்பார்த்த திறன், இயற்பியலின்படி, சரியாகச் சுழி. இந்தியாவின் ஃபிட் இந்தியா வழிகாட்டுதல்களிலும் ஆண்களுக்குத் தண்டால், பெண்களுக்கு முழங்கால் ஊன்றிய தண்டால் என்ற பிரிவினை தொடர்கிறது.

பெண்ணின் மேலுடல் வலிமை சராசரியாக ஆணினுடையதைவிடக் குறைவு, கீழுடலில் இடைவெளி அதைவிடச் சிறிது என்பது உடலியங்கியல் கண்ட உண்மை. இடைவெளி மிகுந்த இடத்திலன்றோ பாடம் மிகுந்திருக்க வேண்டும்? கணிதத்தில் பின்தங்கிய மாணவிக்குக் கணித வகுப்பிலிருந்து விலக்கு அளிப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்பாது. உடற்கல்வியிலோ அதுவே கரிசனம் எனப்படுகிறது. ‘கல்லூரி ஆண்கள்’ என்ற சொற்றொடர் ஆய்வேட்டுத் தலைப்புகளில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர், தம் துறையின் மறதியை அளந்தவராவார்.

மரபு இதற்குத் துணைநிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. நெல்லைச் சீமையில் இளவட்டக்கல் தூக்குவோர் கல்லை முழங்காலுக்கும் மார்புக்கும் ஏற்றித் தோள்வழியே பின்னால் வீசுகின்றனர். மெல்லத் தூக்கி முடிக்கவியலாத செயல் அது. உந்தும் கணம் ஒன்று அதில் உண்டு. வடலிவிளையின் பொங்கல் போட்டியில் பெண்களும் கல் தூக்குகின்றனர். கர்நாடகத்தின் கரடி மனைகளும் தமிழகத்தின் கர்லாக்கட்டையும் தோளைச் சுழற்றிப் பழக்கிய மரபுகள். இந்தியக் கர்லாக்கட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் கொண்டுசென்றனர். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே நடந்தது. இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வது இங்கே நோக்கமன்று. ஆண்டுக்கு ஒருமுறை விழாவில் தூக்கும் கல் பயிற்சித் திட்டம் ஆகாது. படிப்படியாக ஏற்றப்படாத சுமை முதுகை முறிக்கும். ஆயினும் ‘நம் மாணவருக்கு இது அந்நியம், நம் பெண்களுக்கு இது ஒவ்வாது’ என்ற சாக்கை அந்தக் கல் நசுக்கிவிடுகிறது.

எதிர்வாதங்களில் மூன்று கவனத்துக்கு உரியவை. முதலாவது காயம் பற்றியது. பயிற்சியற்ற மாணவரைக் கைதட்டித் தண்டால் எடுக்கச் சொன்னால் மணிக்கட்டு நொடிக்கும் என்பது மெய். ஆனால் அது பயிற்சியின் குற்றமன்று, வரிசை தவறியதன் குற்றம். முதல் நான்கு வாரம் சுவரிலும் மேசையிலும் கை ஊன்றிச் சாய்தண்டால். கீழே மெதுவாக, மேலே விரைவாக. தோளும் வயிற்றுத் தசையும் உறுதிபெற்ற பின் 2 கிலோ பந்தை மண்டியிட்டு மார்பிலிருந்து சுவரை நோக்கித் தள்ளுதல். திரும்பி வரும் பந்தைப் பிடிக்காமல் தரையில் விழவிடுதல். விரல் காயங்கள் பல பிடிப்பதில் நேர்பவை. அதன் பின்னரே தலைக்குமேல் எறிதலும் பக்கவாட்டில் சுழன்று எறிதலும். கைதட்டும் தண்டால் இந்த ஏணியின் உச்சிப்படி. அதில் ஏறாமலே பருவம் முடிந்தாலும் இழப்பில்லை.

இரண்டாவது கூட்டம் பற்றியது. ஒரு வகுப்பில் 60 பேர், பந்தோ பத்து. எப்படி நடத்துவது? இந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. வெடிதிறன் பயிற்சிக்கு நீண்ட ஓய்வு இன்றியமையாதது. களைத்த தசை வேகத்தை இழக்கும். வேகம் இழந்த எறிதல் மீண்டும் தாங்குதிறன் பயிற்சியாகிவிடும். ஒரு பந்துக்கு ஆறு பேர் வரிசையில் நிற்கட்டும். ஒருவர் ஐந்து முறை எறிய 20 விநாடி. ஏனைய ஐவர் எறிந்து முடிக்க 100 விநாடி. அதுவே அவருக்கு வேண்டிய ஓய்வு. நான்கு சுற்றுக்கு 8 நிமிடம். இரண்டு வகை எறிதலுக்கு 16 நிமிடம். உடலைச் சூடேற்றவும் தளர்த்தவும் நேரம் ஒதுக்கிய பின்னும் 45 நிமிட வகுப்பில் இடம் மிஞ்சும். வாரம் இருமுறை போதும். நெரிசல் மிகுந்த வகுப்பின் சாபமாகக் கருதப்படும் வரிசை, இந்த ஒரு பாடத்தில் வரமாகிறது.

மூன்றாவதே வலுவான எதிர்வாதம்: விளையாட்டு வீரராகப் போகாத வணிகவியல் மாணவிக்கும் கணினிப் பொறியியல் மாணவருக்கும் இது எதற்கு? 2025 ஜூலை 5ஆம் நாள் பெங்களூர்க் கண்டீரவா அரங்கில் நீரஜ் சோப்ரா 86.18 மீட்டர் எறிந்து வென்றார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அன்னு ராணி 62.92 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார். அவர்களைப்போல் ஆகப்போகிறவர் வகுப்பில் எவருமில்லை என்பர். இருக்க வேண்டியதில்லை. மேலுடலின் திறன் வேண்டப்படுவது பேருந்தின் மேல்தட்டில் பெட்டியை ஏற்றும்போது, சாயும் இருசக்கர வண்டியை நிறுத்தும்போது, வழுக்கி விழும் நொடியில் முகம் தரையில் மோதாமல் கை ஊன்றும்போது. வயது ஏற ஏறத் தசை வலிமையைவிடத் தசைத் திறன் முன்னதாகவும் விரைவாகவும் தேய்கிறது. எலும்பின் அடர்த்தி தன் உச்சத்தை எட்டுவது இருபதுகளில். அதாவது வாழ்நாள் சேமிப்பைத் தொடங்க ஏற்ற ஆண்டுகளும் கல்லூரி ஆண்டுகளும் ஒன்றே. அந்த ஆண்டுகளைக் கணினியின் முன் வளைந்த தோளோடு கழிக்க விட்டுவிட்டு, வேண்டுமென்றால் கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போகட்டும் என்பது பொதுக்கல்வியின் பொறுப்பைச் சந்தையிடம் கைமாற்றுவதே. ஜிம்மிலும் கிடைப்பது பெரும்பாலும் தசையின் உருவத்தைப் பெருக்கும் மெதுவான எடைப்பயிற்சி. பெஞ்சில் கிடந்து கம்பியை வேகமாக உயர்த்தினாலும் கை நீண்டு முடியும் முன் அதை நிறுத்தியாக வேண்டும். இயக்கத்தின் பிற்பகுதி தடுத்தலிலேயே போகும். கையைவிட்டுப் பறக்கும் பந்துக்கு அந்தத் தடை இல்லை.

ஆகவே பழி மைதானத்தின்மீதோ மாணவரின் சோம்பல்மீதோ சாராது. கல்விப்புலத்தின் பழக்கத்தின்மீதே சாரும். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்கிவருகிறது. பயிற்றப்பட்ட ஆசிரியருக்கும் அறிவுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் கேள்விக்குத்தான். பயிற்சி பெற்றவர் பெறாதவரைவிட முன்னேறுவாரா என்ற கேள்வியை இன்னும் எத்தனை ஆய்வேடுகள் கேட்கும்? உண்டவர் உண்ணாதவரைவிடப் பசியாறுவாரா என்பதற்கு அன்கோவா வேண்டியதில்லை.

கேட்கத்தக்க கேள்விகள் காத்திருக்கின்றன. வாரம் இருமுறை 20 எறிதல் போதுமா, 40 வேண்டுமா? வகுப்பின் வரிசை ஓய்வு ஆய்வுக்கூட ஓய்வுக்கு ஈடாகுமா? எறியவே பழகாமல் வளர்ந்த மாணவிக்கு எத்தனை வாரத்தில் அச்சம் விலகுகிறது? பருவ விடுமுறைக்குப் பின் எவ்வளவு எஞ்சுகிறது? இவற்றுக்கு விடைகாணக் கட்டுப்பாட்டுக் குழுவைச் சும்மா வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு பயிற்சியை இன்னொரு பயிற்சியோடு ஒப்பிடலாம். காத்திருந்த குழுவுக்கு அடுத்த பருவத்தில் பயிற்சி அளிக்கலாம். தம் அளவீடுகளுக்கு உடலை ஈந்த மாணவர்க்கு ஆய்வாளர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன் அது.

தேர்வு முறையும் மாறலாம். ‘வெடிதிறனை வரையறு’ என்ற வினாவுக்குப் பதில், பருவத் தொடக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்து பந்தை எறிந்த தொலைவையும் இறுதியில் எறிந்த தொலைவையும் மாணவரே பதிவு செய்யட்டும். மூன்று எறிதலில் சிறந்தது கணக்கு. மதிப்பெண் தொலைவுக்கு அன்று, வருகைக்கும் தன் முன்னேற்றத்தைத் தானே விளக்கும் ஒரு பக்க எழுத்துக்கும். ஐந்து மீட்டர் எறிந்தவரும் இரண்டு மீட்டர் எறிந்தவரும் ஒரே தட்டில் நிறுக்கப்பட வேண்டியதில்லை.

இதற்கு அரசாணை வேண்டியதில்லை, நிதிக்குழு கூட வேண்டியதில்லை. உடற்கல்வி இயக்குநர் ஒருவரும் பத்துப் பந்துகளும் நடைபாதையோரச் சுவர் ஒன்றும் இருந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம். கட்டுப்பாட்டுக் குழு போதிய காலம் காத்திருந்துவிட்டது.